மாறும் சாவியும் நிலாவெளிப் படகும்

பர்ஸானா மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது, அவர் எழுதிய கணினி நிரல் ஒன்றைத்தான் நான் திருத்திக்கொண்டிருந்தேன். நீண்ட நோய்தான் அவருடைய உயிரைக் கொண்டுபோனது. அதை அவர் எங்களிடம் மறைத்ததில்லை. போன கிழமைகூட, "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டிருந்தார்.

அவரை அறிந்து, அவர் நினைவாக இதைப் படிக்கும் உங்களுக்கு அந்த நிலாவெளிப் படகின் கதை தெரிந்திருக்காது. திருகோணமலைத் துறைமுகத்தருகே எங்கள் சிறிய அலுவலகத்தில், மீன்பிடிப் படகுகள் அனுப்பும் இருப்பிடத் தகவல்களைச் சேர்த்துவைக்கும் மென்பொருளை நாங்கள் இருவரும் எழுதியிருந்தோம். ஒருநாள் மதியம் நிலாவெளியிலிருந்து ஒரு பெண் வந்தார். முதல்நாளே கரைக்கு வரவேண்டிய கணவர் வரவில்லை. படகைத் தெரிவுசெய்து தேடினேன். "அப்படி ஒரு படகு இல்லை" என்றது திரை.

"இல்லையெண்டா? என்ட மனுசன் அதிலதானே போனவர்" என்றார் அந்தப் பெண்.

பர்ஸானா எழுந்து வந்தார். "அக்கா, படகு இருக்கு. எங்கட தேடல்தான் பிழை. இந்தக் கதிரையில இருங்கோ." பிறகு என்னிடம், "இண்டைக்கு இந்தப் படகின்ட விவரம் எதையும் மாத்தினீங்களா?" என்று கேட்டார்.

"ஓம், மீனவர் சங்கம் சொல்லி ஓட்டியின்ட பேரைக் காலமை மாத்தினது."

"அதுதான். சாவியால தேட ஏலாது. எல்லாத்தையும் ஒவ்வொண்டாப் பாருங்கோ."

சேர்த்துவைத்த தகவலைத் தேடியெடுக்க உதவும் அடையாளம்தான் சாவி; நாங்கள் படகின் முழு விவரத்தையுமே சாவியாக வைத்திருந்தோம். கணினி சாவியிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண்ணுக்குரிய அறையில் தகவலை வைக்கும். தேடும்போதும் அந்த ஓர் அறையை மட்டுமே திறக்கும். ஓட்டியின் பெயர் மாறியதும் எண்ணும் மாறிவிட்டது. தகவல் பழைய அறையிலேயே கிடக்க, கணினி வேறோர் அறையைத் திறந்து பார்த்து இல்லையென்றது.

ஒவ்வொன்றாகப் பார்த்தபோது படகின் கடைசி இருப்பிடம் கிடைத்தது. அந்தப் பக்கம் நின்ற இன்னொரு படகுக்குச் சங்கத்தினர் அறிவித்தார்கள். இயந்திரம் நின்று மிதந்துகொண்டிருந்தவர்களைப் பொழுதுபடுமுன் அந்தப் படகினர் கட்டியிழுத்து வந்தார்கள்.

மறுநாள் பர்ஸானா படகின் பதிவு எண்ணை மட்டும் சாவியாக்கினார். "மாறுற ஒண்டைச் சாவியா வைக்கக் கூடாது. வைச்சா, வைச்ச சாமான் நம்மட கையிலேயே தொலைஞ்சு போகும்" என்றார். அடுத்த வருடம் வேறொரு வேலையில் அவரே அதே பிழையை விட்டார். கண்டுபிடித்ததும் கண்ணில் நீர்வரச் சிரித்தார். தேநீரும் வாங்கித் தந்தார்.

பர்ஸானாவின் மௌத்துக்குக் குறிஞ்சாக்கேணியிலுள்ள அவருடைய வீட்டுக்கு அந்த நிலாவெளித் தம்பதியும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். "இருக்கு எண்டு முதல்ல சொன்னது அவதான்" என்றார் மனைவி. கணவர் வாசலில் நின்று, வந்தவர்களுக்குக் கதிரைகளை எடுத்துப் போட்டார்.

எதையும் சாவியாக்குமுன், "இது பிறகு மாறுமோ?" என்று பர்ஸானா கேட்பார். இப்போது அதை நான் கேட்கிறேன், அவருடைய குரலிலேயே.