லூர்துராஜ் திரும்பப் பெற்ற மனு

வழக்கறிஞர் லூர்துராஜ் இறந்த செய்தி வந்தபோது நான் குழித்துறை கோர்ட்டு வராந்தாவில் குடையை மடக்கிக்கொண்டிருந்தேன். வக்கீல் சங்கச் செயலாளர்தான் போனில் சொன்னார். "வசந்தா, நம்ம லூர்து போயாச்சு. முட்டத்து வீட்டுல, இன்னைக்குக் காலத்த. நெஞ்சுவலியாம்." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவரிடம் கேட்டு முடிக்காத கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. பதில் சொல்லாமலே போய்விட்டார்.

நினைவு மலருக்கு நல்லதாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நல்லதை எழுதுகிறேன். மீதியையும் எழுதுகிறேன். அவரோடு ஒரே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். பூசி மெழுகி எழுதினால் அவரை அறிந்த உங்களுக்கே அது பிடிக்காது.

அவருடைய குரல் உங்களுக்கு நினைவிருக்கும். படகிலிருந்து அடுத்த படகைக் கூப்பிடுகிற தொண்டை அது. சின்ன ஜாமீன் மனுவுக்கும் அதே சத்தம்தான். ஒருநாள் நீதிபதி, "மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்கும்" என்றார். "ஒங்களுக்குக் கேக்கும் ஐயா, கூண்டுல நிக்கியவனுக்கும் கேக்கணும்லா" என்றார் இவர். அந்தக் கோர்ட்டே சிரித்தது. கைதியின் வழக்கு கைதிக்குப் புரிய வேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர்.

ஒரு காலத்தில் அவர் பெரும் குடிகாரர். இதை நான் வெளியே போட்டு உடைக்கவில்லை, அவரே மேடையில் சொல்வார். திருவிழாவன்று மனைவி அவரை ஊர்ச் சிலுவை நிற்கும் குருசடிக்கு இழுத்துக்கொண்டு போனாராம். கடற்கரை ஊர்களில் பெரிய சண்டையும் தீராத வழக்கும் குருசடியில்தான் முடியும். சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தால் அதோடு பேச்சு நின்றுவிடும். இவரும் தொட்டார். அன்றோடு குடியை விட்டார். சாகிற வரை ஒரு சொட்டு தொடவில்லை. அதற்காக நான் அவரை வணங்குகிறேன். பின்னால் வந்த கேட்டுக்கும் அதுவே காரணம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சுனிலின் அம்மா களியக்காவிளைப் பக்கத்திலிருந்து எங்களைத் தேடி வந்தார். நெற்றியில் நாமம் இட்ட அய்யாவழிக்காரி. மகன் லோடு வண்டி ஓட்டியவன். ஊசிப் பழக்கத்தில் விழுந்து, பிறகு அரசு மருத்துவமனையில் தினமும் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை வாங்கி, தேறி வந்துகொண்டிருந்தான். அந்த நேரத்தில் ஒரு பழைய வழக்கில் பிடித்து உள்ளே போட்டார்கள். சிறையில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். "வாந்தியும் பேதியுமா கெடக்கான். உடம்பெல்லாம் முறிக்குதுன்னு அழுதான். கம்பிக்கு அங்கிட்டு நின்னு எனக்க மோன் என்னையே அடையாளம் தெரியாம பாத்தான்" என்றார் அந்த அம்மா. லூர்துராஜ் அன்றைக்கே என்னை மனு எழுத உட்காரவைத்தார்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அவர் வாதாடிய நாளை நான் மறக்க மாட்டேன். போதைக்குப் பதில் போதையைத்தானே கேட்கிறீர்கள் என்று அரசுத் தரப்பு கேலி செய்தது. இவர் அன்று சத்தமே போடவில்லை. "சிறை வாசலில் ஒருவன் விட்டுவிட்டுப் போவது சட்டையும் செருப்பும்தான். உடம்பையும் அதன் நோயையும் அவன் கூடவே கொண்டுபோகிறான். வெளியே அவனுக்கு மருந்தாக இருந்தது உள்ளே எப்படிக் குற்றமாகும்?" என்று நிதானமாகக் கேட்டார். இறுதி விசாரணை வரை மாத்திரை கொடுக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. திரும்பும்போது பேருந்தில் மட்டி வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்து, "கொள்ளாம்லா வசந்தா?" என்று பாராட்டுக்குக் காத்திருக்கும் குழந்தை மாதிரி கேட்டார். இவரைப் போல ஒரு மனிதர் நம் தொழிலில் இருக்கிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

இறுதி விசாரணைக்கு நான் எல்லாத் தயாரிப்போடும் போனேன். வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் லூர்துராஜ் எழுந்து, மனுவைத் திரும்பப் பெறுகிறோம் என்றார். நான் தவறாகக் கேட்டேனோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கே ஆச்சரியம். மனு போனதும் இடைக்கால உத்தரவும் போயிற்று.

வெளியே மரத்தடியில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். முந்தின வாரம் சிறையில் கைதிகளைத் திருத்துவதற்கான நல்வழிக் கூட்டம் ஒன்று நடந்திருக்கிறது. இவர் அதற்கு ஒரு மரச்சிலுவையோடு போயிருக்கிறார். சுனில் அதைத் தொட்டு, இனி ஊசியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் என்று சத்தியம் செய்திருக்கிறான்.

"நீ கடக்கரையில பொறந்தவ இல்ல வசந்தா, ஒனக்குத் தெரியாது. குருசத் தொட்டா நிக்கும். எனக்கு நின்னுச்சுல்லா?"

"அவன் உடம்பும் உங்க உடம்பும் ஒண்ணா? ஒரு டாக்டர்கிட்டயாவது கேட்டியளா?"

"மாத்திரைய வச்சிட்டு நடக்கியவன் விட்டவன் ஆவானா? ஒண்ண விட்டு இன்னொண்ணப் புடிச்சவன்."

"அப்போ இந்தக் கோர்ட்டுல நின்னு அன்னைக்குச் சொன்னது?"

"அது வாதம்லா."

இதைவிட என்னைச் சுட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. நான் நம்பி நடந்த மனிதர், தான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. சுனிலை அவர் ஒரு நோயாளியாகப் பார்க்கவே இல்லை. குடித்துக் கிடந்த தன்னையே அவனிடத்தில் பார்த்தார், தன்னைக் காப்பாற்றிய சிலுவையை எடுத்துப்போய் அவன் கையில் திணித்தார். டாக்டரிடம் கேட்டாரா என்ற என் கேள்விக்குக் கடைசிவரை பதில் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை, அந்த அம்மாவிடமும் கேட்கவில்லை. மகனுக்கு மாத்திரை கிடைக்கும் என்று நம்பித்தான் அந்த அம்மா எங்கள் வக்காலத்தில் கைநாட்டு வைத்திருந்தார்.

மாத்திரை மறுபடி நின்றது. சுனில் சிறையில் மயங்கி விழுந்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே டாக்டர்கள் மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். நான் செஷன்ஸ் கோர்ட்டில் முட்டி மோதி ஜாமீன் வாங்கினேன். அய்யாவழிக்காரனுக்குக் குருசில் என்னப்பா பிடி, எதற்காகத் தொட்டாய் என்று கட்டிலருகில் நின்று திட்டினேன். "அண்ணன் எனக்க கையப் புடிச்சு அழுதாரு அக்கா. அவரு அழும்போ மாட்டேன்னு எப்படிச் சொல்ல?" என்றான். அதன்பிறகு லூர்துராஜும் நானும் வராந்தாவில் எதிரெதிரே வந்தால் வணக்கம் மட்டும் சொல்லிக்கொள்வோம்.

முட்டத்தில் அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்துக்குப் பின்னால் சுனில் தனியாக நின்றான். சதை போட்டு ஆள் தெளிவாக இருந்தான். திரும்ப வண்டி ஓட்டுகிறான். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தான்.

"ஆஸ்பத்திரியில கெடக்கும்போ அண்ணன் போன் பண்ணுனாரு அக்கா. எனக்குத் துரோகம் செஞ்சிட்டியேலே, சத்தியத்த மீறிட்டியேன்னாரு. பெறவு நான் கூப்பிட்டா எடுக்கவே இல்ல."

எனக்கு இது புதிது. துரோகம் செய்தவர் தனக்குத்தான் துரோகம் நடந்ததாக நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்திருக்கிறார். சவப்பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். எல்லோரும் ஒவ்வொரு பிடி மண் போட்டார்கள். சுனில் குனிந்து மண்ணை அள்ளியவன் அப்படியே நின்றான்.

"மாத்திர வச்சிட்டுதான் வந்தேன். இல்லேன்னா இஞ்ச நிக்கக் காலு இருக்காது. சத்தியம் மீறினவன் மண்ணு போட்டா அண்ணனுக்கு ஆகுமா அக்கா?"

"போடுலே" என்றேன். அவன் போட்டான். மனுவைத் திரும்பப் பெற்றதற்கு நான் அவரை மன்னிக்கத் தயாராக இருந்தேன் என்றுகூடச் சொல்வேன். மீண்டு வந்த ஒருவனை இப்படிக் கூசி நிற்க வைத்துவிட்டுப் போனாரே, அதை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

இப்போது அதே சிறையில் இருக்கும் இன்னொருவனுடைய அக்கா என்னிடம் வந்திருக்கிறாள். அதே மாத்திரை, அதே நிறுத்தம். மனு தயாராகிவிட்டது. லூர்துராஜிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்தச் சட்டையும் செருப்பும் வாக்கியத்தை. அதைவிட நல்ல வாக்கியம் எனக்கு எழுத வராது. அதை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். அவருக்கு அது வாதம். நான் அதை நம்புகிறேன். கூண்டில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி, அவருடைய சத்தத்திலேயே மதுரையில் சொல்லப் போகிறேன்.