பின்பலகையில் இருந்த தகடு

இதை வேறு யாராவது வந்து சொல்லியிருந்தால் முதலில் சிரித்திருப்பவள் நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா பெங்களூர் சிவாஜிநகர் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர், நான் மெக்கானிக்கல் டிப்ளமா. வீட்டில் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவதைக்கூடச் சண்டை போட்டு நிறுத்தியவள். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு ஒரு விஷயம் உண்மை. அப்படிப் பார்த்து, தொட்டு, கையெழுத்தும் போட்ட ஒன்றைத்தான் சொல்கிறேன், நம்புவது உங்கள் இஷ்டம்.

1998. பழைய வண்டிகளுக்கு வயதும் மதிப்பும் எழுதிக் கொடுக்கும் ஒரு சின்ன ஆபீஸில் வேலை. வண்டிச் சட்டத்தில் இருக்கும் சேசிஸ் நம்பர் மேல் மெல்லிய பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தால், அடியில் மேடாக இருப்பதெல்லாம் பேப்பரில் கறுப்பாக விழும். கண்ணுக்குத் தெரியாத நம்பர்கூட அப்படி வந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்து வண்டிக்கு அப்படி எடுப்பேன், அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்த வாரம் வந்தது வண்டி இல்லை, படகு.

பிரேசர் டவுனில் ஒரு வீடு. விக்டர் என்று ஒருவர், ரிசார்ட் ஒன்றின் ஏரியில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுவதற்காக, பழைய சாமான் கடையிலிருந்து ஒரு அலுமினியப் படகை வாங்கி வந்து பட்டர் ஃப்ரூட் மரத்துக்குப் பக்கத்தில் நாலு டயர் மேல் உட்கார வைத்திருந்தார். முன்பக்கம் மூடி, காரில் இருப்பதுபோல ஸ்டியரிங் வைத்த சின்ன மோட்டார் படகு. அதைப் பார்த்த நாளிலிருந்து அவருடைய அம்மா ரோஸலின் ஆன்ட்டி சரியாகச் சாப்பிடவில்லையாம். ஆன்ட்டியின் அண்ணன் அருள் இதே மாதிரிப் படகிலிருந்து விழுந்து, தண்ணீரில் மூழ்கித்தான் இறந்தாராம், அறுபதுகளின் தொடக்கத்தில். இது அந்தப் படகேதான் என்கிறார் அம்மா. இது அதற்கப்புறம் செய்தது என்கிறார் மகன். எந்தக் காலத்தில் செய்தது என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டு பேரும் அதற்குக் கட்டுப்படுவதாகப் பேச்சு.

"மம்மி, இந்த மாதிரி போட் ஊர்ல நூறு இருக்கு. மேடம் பாத்து எழுதுவாங்க, நீங்க நிம்மதியா தூங்குங்க" என்றார் விக்டர்.

"எழுதட்டும். அதுவரைக்கும் ஒரு புள்ள அதுல ஏறக்கூடாது."

விக்டர் வெளியே கிளம்பியதும் ஆன்ட்டி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "தெரியலன்னா தெரியலன்னே எழுது கண்ணு. பொய் மட்டும் எழுதிடாத." எனக்குச் சுருக்கென்றது. தெரியவில்லை என்று நான் எழுதியதே இல்லை.

நல்ல பகல், பதினொன்றரை மணி வெயில். தகடுகளை ரிவெட் ஆணி அறைந்துதான் சேர்த்திருந்தார்கள், வெல்டிங் இல்லை. மோட்டார் மாட்டும் பின்பலகை உயரம் குறைவு, பழைய சின்ன மோட்டாருக்கானது. இதெல்லாம் பழசு என்று சொல்லுமே தவிர எந்த வருஷம் என்று சொல்லாது. ஆன்ட்டி வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுற்றிவந்து பின்பக்கம் குனிந்தால், பலகையின் வலது மூலையில் தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு தகடு. கம்பெனித் தகடு. எழுத்தெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். இடது கையால் பேப்பரை அழுத்திப் பிடித்துத் தேய்த்தேன். படகு முழுக்கத் தொட முடியாத சூடு, அந்தத் தகடு மட்டும் ஜில்லென்று இருந்தது, பேப்பரின் அடிப்பக்கம் லேசாக ஈரமானது. மர நிழல் என்று நினைத்துக்கொண்டேன். நம்பர் அழகாக விழுந்தது. 59 என்று தொடங்கியது, முதல் இரண்டு எண்தான் வருஷம்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட்டோடு போனேன். ஐம்பத்தொன்பதில் செய்தது, பின்பலகைத் தகட்டில் உள்ள நம்பர் இது என்று கையெழுத்துப் போட்டு, தேய்த்தெடுத்த பேப்பரையும் பின் பண்ணியிருந்தேன். ரோஸலின் ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம்பரை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தால், உள்ளே அந்தத் தகடு.

அதே அகலம், அதே மழுங்கல். அண்ணன் இறந்த அதே வாரம் அவர்களுடைய அப்பா படகை விற்றுவிட்டார், லாரி வருவதற்குள் அன்றைக்குப் பதினேழு வயசு ரோஸலின் உளியால் நெம்பி எடுத்து வைத்துக்கொண்ட தகடு அது. நம்பரை ஒத்துப் பார்த்தோம். கடைசி எண் வரைக்கும் ஒன்றுதான்.

"நேத்து வந்து யாராச்சும் இதைப் படகுலேர்ந்து கழட்டினீங்களா?" என்று நான்தான் முட்டாள்தனமாகக் கேட்டேன். விக்டர் எழுந்து படகுக்கு ஓடினார், பின்னாலேயே நான். பின்பலகையின் வலது மூலையில் ஒன்றுமில்லை. நாலு துளை மட்டும். அந்தத் துளைகளை அடைத்துக்கொண்டு பழைய பெயிண்ட், நீலம், அதன் மேல் வெள்ளை, அதன் மேல் பச்சை, கல் மாதிரி இறுகியிருந்தது. அந்த இடத்தில் பல வருஷமாகத் தகடே இல்லை.

மேடம் என்று கூப்பிட்ட விக்டர் நீ என்று இறங்கிவிட்டார். "இந்தத் தகட முன்னாடியே உனக்குக் காட்டிட்டாங்க. உள்ள உக்காந்து தேச்சுட்டு, போட்ல இருந்துச்சுன்னு கதை வுடறியா?"

"டேய், இதை நான் உங்கப்பாகிட்டகூடக் காட்டுனதில்ல" என்றார் ரோஸலின் ஆன்ட்டி. "அந்தப் பொண்ணு வெயில்ல குந்திக்கினு தேச்சத நான் பாத்துக்கினு இருந்தேன். எதைத் தேய்க்குதுன்னுதான் எனக்குப் புரியல."



விக்டர் ஆபீஸுக்குப் புகார் செய்தார். வயது தெரியவில்லை என்று மாற்றி எழுதச் சொன்னார் எங்கள் சார். நான் மாட்டேன் என்றேன், என் கண்ணும் என் கையும் பொய் சொல்லவில்லை. அவரே எழுதி அவரே கையெழுத்துப் போட்டுக்கொண்டார், என் பேப்பரை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஆன்ட்டிக்கு ரிப்போர்ட்டே தேவைப்படவில்லை. அந்தப் படகு தண்ணீரில் இறங்கவில்லை. ஆளைக் கூப்பிட்டு, தன் கண் முன்னாலேயே துண்டு துண்டாக வெட்ட வைத்துவிட்டார். விக்டர் தடுக்கவில்லை, அவரும்தான் அந்தத் துளைகளைப் பார்த்தாரே.

இதோடு விட்டிருந்தால் வெயிலில் தலை சுற்றி ஏதோ ஆகிவிட்டது என்று நானும் ஒருநாள் சமாதானம் ஆகியிருப்பேன்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுத் துணி அத்தனையும் துவைத்துவிட்டுக் கையைத் துடைக்கும்போது என் விரல் நுனிகளைப் பார்த்தேன். அப்படியே ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்தேன். தகட்டின் மேல் ஓரத்தில் ஒன்று, கீழ் ஓரத்தில் இரண்டு என்று மூன்று கறுப்புத் திட்டு விழுந்திருந்தது. அலுமினியம் அரித்த மேடு என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். என் விரல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவில் என்னுடையதைவிடப் பெரியவை. பேப்பருக்கு அடியிலிருந்து யாரோ தகட்டைப் பலகையோடு பிடித்துக்கொண்டிருந்த விரல்கள். நுனியில் இருந்தவை ரேகைகள் இல்லை, சுருக்கங்கள். நெடுநேரம் தண்ணீரில் ஊறினால் விழுமே, அந்தச் சுருக்கங்கள்.