ஒத்தத் தலைவலியும் பக்கத்து வீட்டுத் தட்டும்

இந்த ஊரில் அவித்த காய்கறியின் மேல் நிலக்கடலைக் குழம்பை ஊற்றித் தின்கிறார்கள். அவரை, முட்டைக்கோஸ், முளைகட்டின பயறு எல்லாவற்றையும் அவித்துத் தட்டில் பரப்பி, வறுத்த கடலையைக் கல்லில் அரைத்து, வெல்லமும் புளியும் மிளகாயும் சேர்த்துக் கொழகொழவென்று மேலே ஊற்றினால் அதன் பெயர் காடோ காடோ. அது எந்தக் காட்டில் விளைகிறது என்று கேட்டு மகனைச் சிரிக்கவைத்தேன். அவன் ராஜபாளையத்தில் நூல் மில் வேலை கற்றவன். அந்த வேலை அவனை இந்தோனேசியாவுக்கு, இந்தப் பாண்டுங் என்னும் குளிர் ஊருக்குக் கொண்டுவந்தது. அவன் என்னைக் கொண்டுவந்தான். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். என் பேச்சுக்குத் தலைசீவிப் பொட்டும் வைத்துத்தான் காகிதத்தில் உட்காரவைக்கிறாள். ஆகவே இது அழகாக இருந்தால் பெருமை அவளுக்கு.

மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் என்னோடு பேசும் ஒரே வாய் பக்கத்து வீட்டுக்காரியுடையது. அவள் பெயர் தாத்தி. தாத்தாவுக்குப் பெண்பால் மாதிரி இல்லை? என் வயதுதான் இருக்கும். அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது, ஆனாலும் இருவரும் நிறுத்துவதில்லை. நாங்கள் சைவம் என்று மகன் சொல்லிவைத்திருந்தான். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் முட்டையையும் இறால் அப்பளத்தையும் ஒதுக்கிவிட்டு எனக்கென்று தனியாக ஒரு தட்டு கொண்டுவருவாள். "எனாக், நெனெக்! எனாக்!" என்பாள். ருசியாக இருக்கிறது ஆச்சி, என்று அர்த்தம். ருசியாகத்தான் இருக்கும். வாசனையே சொல்லும். ஆனால் ஒரு வாய் கடலை உள்ளே போனால் எனக்கு அன்று சாயங்காலம் கண் முன்னால் ஜரிகை ஓடும், பிறகு இடப்பக்க மண்டையில் யாரோ உட்கார்ந்து உரலிடிப்பார்கள். கொடுத்த தட்டை நான் தொடாமல் வைத்திருப்பேன். அவள் தன் தட்டை வழித்து, விரலையும் நக்குவாள். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். நல்ல மனுஷி, இருந்தாலும் எரியும்.

இந்த எரிச்சல் கப்பலேறிய பிறகு வந்ததல்ல, ஊரிலேயே இருந்தது. நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் பால்கோவா கிண்டுவார்கள். பெரிய இரும்புச் சட்டியின் அடியைத் துடுப்பு சுரண்டும் சத்தம் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்ட பிறகு என் அண்ணன் பஸ் ஏறி வரும்போதெல்லாம் மந்தார இலையில் கோவா கட்டிக்கொண்டு வருவான். என் பிறந்த வீட்டுக் கோவா, தின்றது யார்? என் மூத்த ஓரகத்தி செல்லம்மாள். எனக்குத்தான் அதுவும் ஆகாதே.

ராஜபாளையத்து டாக்டர் ஒருவர்தான் இது ஒத்தத் தலைவலி என்று சொல்லி, கடலை, கோவா, புளித்த தயிர், ஊறுகாய், கனிந்த வாழைப்பழம் என்று ஆகாததையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார். சைவக்காரியிடமிருந்து இவ்வளவையும் பிடுங்கிக்கொண்டால் சோறும் சுரைக்காயும்தான் மிச்சம். சீட்டை எனக்குப் படிக்கத் தெரியாது, தேவையும் இல்லை. செல்லம்மாள் தட்டைப் பார்த்தால் போதும். அவள் ஆசையாகத் தின்பதெல்லாம் எனக்கு ஆகாதது. அந்தத் தட்டுதான் என் சீட்டு.

"ஏட்டி, ஒரே ஒரு வாய் தின்னு பாரு. ஒங்க ஊரு கோவாதான, ஒன்னைய என்ன செய்யும்?" என்பாள்.

"வேண்டாங்க்கா. பொறவு ரெண்டு நாளு எந்திரிக்க மாட்டேன்."

"அடுப்படி வேலை இருக்கப்பத்தான் ஒனக்கு மண்டை இடிக்குது. எனக்கும் அப்படி ஒரு வலி வந்தா எம்புட்டு நல்லாருக்கும்!"

சொல்லிக்கொண்டே இலையை நக்குவாள். மேல்வலி என்று ஒரு நாள் படுத்ததில்லை அவள். எனக்கு அவள்மேல் இருந்த பொறாமையை அளந்தால் அய்யனார் கோவில் அருவித் தண்ணீர் தோற்றுப்போகும்.

கதைக்கு வருகிறேன். தாத்தியிடம் எப்படியாவது சொல்லிவிடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை முடிவு செய்தேன். கடலைக் குழம்பைக் காட்டினேன். பிறகு, பாதித் தலை என்று புரியட்டும் என, சுட்டுவிரலை நெற்றியில் சாய்த்து வைத்துக் காட்டினேன். தாத்தியின் முகம் கறுத்துவிட்டது. "கிலா?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? சந்தோஷமாகத் தலையை ஆட்டினேன். தட்டை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை என் தட்டு, அதே பூப்போட்ட தட்டு, எதிர்வீட்டுக்காரிக்குப் போவதை ஜன்னலில் பார்த்தேன். நான் தின்னாத தட்டுதான், தின்ன முடியாத தட்டுதான். இருந்தாலும் இன்னொருத்தி கைக்குப் போனபோது நெஞ்சு கொதித்தது. செல்லம்மாள் கோவா தின்றபோதுகூட அப்படிக் கொதித்ததில்லை. பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் சுவரோடு பேசினேன். மகனிடம் சொன்னேன்.

"எப்படிம்மா காட்டுன?"

காட்டினேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"நெத்தியில வெரலைச் சாச்சா இங்க கிறுக்குன்னு அர்த்தம்மா. கொழம்பு வச்ச நான் கிறுக்கான்னு அவிய கேட்டதுக்கு நீ தலைய வேற ஆட்டிருக்க!"

என்னைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய் விவரம் சொன்னான். சொன்னதில் "சாக்கிட் கெப்பாலா செபெலா" என்று ஒன்று வந்தது. ஒரு பக்கத் தலைவலியாம். ஒத்தத் தலைவலிக்கு இவர்களும் ஒத்தத் தலைவலி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்! கேட்டதும் தாத்தி வாயைப் பிளந்தாள். தன் வலப்பக்க நெற்றியைப் பட் பட்டென்று தட்டினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசினாள். மகன் சிரித்தான்.

"அவியளுக்கும் இருக்காம்மா. கடலை ஒண்ணும் செய்யாதாம், காப்பிதான் ஆகாதாம். காலையில ஒன் காப்பி வாசனை சுவரு தாண்டி வரும்போதெல்லாம் பொறாமையில செத்துருக்காவ. இந்தக் கெழவி மட்டும் எப்படி ரெண்டு டம்ளர் குடிக்குதுன்னு."

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! என் வாழ்நாளில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட முதல் ஆள். அவளைக் கட்டிக்கொண்டேன். செல்லம்மாளுக்கு இதை உடனே கடிதத்தில் எழுதச் சொன்னேன். அவளுக்குத் தெரிய வேண்டாமா, என்னைப் பார்த்தும் பொறாமைப்பட ஒருத்தி இருக்கிறாள் என்று?

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவள் எனக்குக் குழம்பில்லாமல் வெறும் காய் கொண்டுவருகிறாள். நான் அவளுக்குச் சுக்கு வெந்நீர் போடுகிறேன். பிறகு அவள் குழம்பு ஊற்றின தன் தட்டை எடுக்க, நான் காப்பியை ஆற்ற, ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு தின்கிறோம்.

போன வாரம் என்ன தின்றேனோ, வலி வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணியைப் போட்டுப் படுத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கல்லில் கடலை அரைபட ஆரம்பித்தது. கரட், கரட் என்று. மடவார் வளாகத்தில் கோவாச் சட்டியைச் சுரண்டுகிற அதே சத்தம். இடிக்கிற இடப்பக்கத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூராகக் கேட்டது. இடிக்காத வலப்பக்கம் இது தாத்தி என்றது. இப்படிப் புரண்டேன், அப்படிப் புரண்டேன். எந்தப் பக்கம் படுத்தாலும் யாரோ எனக்கு ஆகாத ஒன்றை அருமையாகச் செய்துகொண்டிருந்தார்கள்.