காம்பில்லாத டாஃபடில்

இந்த வெள்ளைக்காரர் நாட்டில் பூவைத் தலையில் வைப்பதில்லை. தண்ணீரில் நிற்க வைக்கிறார்கள். சாப்பாட்டு மேசை, ஜன்னல், பியானோ, எங்கும் கண்ணாடிக் குவளையில் பூ நிற்கிறது. ஆகவே நீளக் காம்போடுதான் வெட்டுவார்கள். இது எனக்குக் கண்ணுக்குத் தெரிந்திருந்தது, கைக்குத் தெரியவில்லை.

ஆசிரியைப் பயிற்சிக்கு வந்த முதல் இலையுதிர் காலத்தில், விடுதிப் பொறுப்பாளர் மிஸ் ஹார்வி எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்தி கொடுத்து டாஃபடில் பூக்கிழங்கு நடச் சொன்னார். ஈஸ்டருக்கு எந்தப் பாத்தி சிறக்கிறதோ அதன் பூ ஆலயப் பீடத்துக்குப் போகும். எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்துப் படித்தவள் நான். பீடத்துக்கு என் பூதான் போகவேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

பூவின் படம் ஒட்டிய கூடைகளில் கிழங்குகள் வகைவகையாக இருந்தன. எக்காளம் போல் நீண்ட மஞ்சள், அடுக்குப் பூ, வெள்ளை இதழ் நடுவே சிவப்பு விளிம்பிட்ட சிறு கிண்ணம். என்னோடு பயின்ற டோரதியும் மற்றவர்களும் பெரிய மஞ்சளையே எடுத்தார்கள்.

"எதற்கு மணம் அதிகம்?" என்று கேட்டேன்.

"மணமா?" மிஸ் ஹார்வி சிரித்தார். "கொத்தாகப் பூக்கும் இந்தச் சின்ன வெள்ளைக்கு உண்டு. ஆனால் குளிர் தாங்காது. தோற்றுப்போவாய்."

அதையே எடுத்தேன். வெயில் விழும் சமையலறைச் சுவரோரம் நட்டு, உறைபனியில் சருகு போட்டு மூடினேன். வசந்தத்தில் பாத்தி வெள்ளையாயிற்று. ஈஸ்டருக்கு முந்தின மாலை மிஸ் ஹார்வி அங்கேதான் நின்றார். "இதுதான். காலையில் பறித்துக் கொண்டுவா."

விடியலில் பாத்தியில் குனிந்ததும் கை எங்கள் ஊர்த் தோவாளைப் பூந்தோட்டத்துக்குப் போய்விட்டது. அம்மா அங்கே பூக்கிள்ளும் வேலைக்காரி. பள்ளி மணிக்கு முன் நானும் கிள்ளுவேன். "ஏட்டி, காம்பு யாருக்கு, மாட்டுக்கா? கழுத்தோட கிள்ளு மக்கா!" என்பாள்.

கூடையைப் பார்த்த மிஸ் ஹார்வி திகைத்தார். "காம்பு எங்கே?"

"ஐயோ, எல்லாப் பூவின் தலையையும் சீவிவிட்டாளே!" என்றாள் டோரதி.

மிஸ் ஹார்வி கத்தரிக்கோலோடு டோரதியின் பாத்திக்குத் திரும்பினார்.

"மிஸ், ஆலய மணி அடிக்கும்வரை பொறுங்கள்," என்றேன். காலுறை தைக்கும் நூலை எடுத்துப் படியில் உட்கார்ந்து பூவைக் கட்டத் தொடங்கினேன். கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"ஊசி எங்கே?" என்றார் கடைசியில்.

விரல்களைக் காட்டினேன்.

பீடத்தின் முன்விளிம்பு நெடுக என் சரம் தொங்கியது. இருபக்கமும் குவளைகளில் டோரதியின் மஞ்சள் நிமிர்ந்து நின்றது. முந்தானையால் தலையை மூடி நான் முழந்தாளிட்டிருந்தேன். உள்ளே, கொண்டையில், மீந்த சரத்துண்டு இருந்தது யாருக்கும் தெரியாது. பக்கத்தில் டோரதி மட்டும், ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறக்காமலே, என் பக்கமாக மூக்கை நீட்டி மணம் பிடித்துக்கொண்டிருந்தாள்.