பகதாதின் இரண்டு கைகள்

என் தங்கை இர்தபாமாவின் புருஷன் பகதாத், சார்டிஸ் நகரத்திலிருந்து கிழக்கே போகும் பாரசீக ராஜபாட்டையில், ஒரு சாவடியில் தபால் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவன். நான் அதே சாவடியில் சமையல்காரன். குதிரை தீனி எடுக்காவிட்டால் அவனும் சாப்பிட மாட்டான். அரண்மனைச் சண்டை இவனைத் தேடிக்கொண்டு வரும் என்று யார் கண்டார்கள்?

கிழ ராஜா செத்ததும் மூத்தவர் அரியணை ஏறினார். இளையவருக்கு வயிறு எரிந்தது. படை திரட்டிக்கொண்டு எங்கள் பாட்டை வழியாகவே கிளம்பினார். வந்த வம்பு அங்கிதான். எங்கள் அங்கியைத் தோளில் போர்த்திக்கொள்வோம்; அதன் சட்டைக்கைகள் நீளமானவை, சும்மா தொங்கும். ராஜா முன்னால் மட்டும் கைகளை அவற்றுக்குள் விட்டு மறைத்துக்கொள்ள வேண்டும். வேறு யாருக்கும் அந்த மரியாதை கிடையாது. இளையவர் அது தமக்கும் வேண்டுமென்றார். செய்யாத இருவரின் தலை போனதாகச் சேதி வந்தது. செய்தால் மூத்தவரின் ஒற்றன் சொல்லி அனுப்புவான், அப்போதும் தலைதான்.

மூன்று நாள் பகதாத் ஓரிடத்தில் உட்காரவில்லை. லாயத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். கைகளை உள்ளே விட்டான், வெளியே எடுத்தான். அண்ணனுக்கு ஒரு கை, தம்பிக்கு ஒரு கை வைத்துக்கொள்ளேன் என்று நான் கிண்டல் செய்தேன்.

"உனக்கென்ன மச்சான், நீ அடுப்படியில இருப்ப. வாசல்ல நிக்கப்போறது நான்தானே," என்றான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

வழி சொன்னவள் தங்கைதான். "ரெண்டு கையாலயும் தண்ணிக் குடத்தப் புடிச்சிட்டு நில்லுங்க. குடம் புடிச்சவன் கைய எங்க விடுவான்?"

அப்படியே நின்றான். இளையவரின் குதிரை குடித்தது. அவர் குனிந்துகூடப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆறு மாதத்தில் பாபிலோன் பக்கம் நடந்த போரில் இளையவர் செத்தார். பிறகு ராஜாவின் விசாரணைக்காரர் சாவடி சாவடியாக வந்தார்.

"தம்பிக்காரன் வந்தப்ப உன் கை எங்கய்யா இருந்துச்சு?"

"குடத்துலங்க."

"அப்ப துரோகிக்குத் தண்ணி குடுத்திருக்க."

தங்கை என் தோளை இறுக்கிப் பிடித்தாள். பகதாத் அவசரப்படாமல் சொன்னான்: "அவருக்குக் குடுக்கலீங்க, குதிரைக்குக் குடுத்தேன். அது தொடையில ராஜா முத்திரை இருந்துச்சு. ராஜா குதிரையத் தாகத்தோட அனுப்பினா நீங்களே என்னைக் கட்டிவச்சு அடிப்பீங்க."

விசாரணைக்காரர் தன் குதிரைக்கும் தண்ணீர் காட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

தலை தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு பகதாத் வெறுங்கையோடு நின்று நான் பார்த்ததில்லை. வாளி, சேணம், எதுவும் கிடைக்காவிட்டால் ஒரு கல்லாவது இரண்டு கையிலும் இருக்கும். கல்யாண வீட்டில்கூட அப்படித்தான் உட்கார்ந்திருப்பான். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். பதினேழு வருஷம் அந்தப் பயம் அவனை விடவில்லை.

போன மாதம் செத்துப்போனான். புதைக்குமுன் அங்கியை உடுத்தி, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் திகைத்தேன்.

"வெளியிலயே இருக்கட்டும்ண்ணா," என்றாள் தங்கை. "இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."