டயர் கடை நிறுத்தம்

பாலம் தாண்டியதும் கலிபெக்கின் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும். எப்படியும் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: “டயர் கடைகிட்ட இறக்கி விடுங்கண்ணே.”

ஜலால்-அபாத் நகரில் ஆளேற்றும் ஏழாம் எண் வேன் அவருடையது. டயர் கடைக்கு இருநூறு அடி தள்ளி மனநல மருத்துவமனையின் வாசல் இருக்கிறது. அங்கே நிறுத்தச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கடையருகே இறங்கி, டயர்களை வெறித்துப் பார்த்துவிட்டு, வேன் மறைந்தபிறகே நடப்பார்கள்.

“வீட்ல சைக்கிள்கூட இல்ல, மாசாமாசம் டயர் மட்டும் வாங்கிடுறீங்க!” என்பார் கலிபெக், கன்னத்தில் அடக்கிய உப்புத் தயிர்க்கட்டியை இடம் மாற்றிக்கொண்டே. சொல்லும்போது கண்ணாடியில் பார்க்கமாட்டார். அதனால் அவர்களும் சிரித்துவிடுவார்கள். அந்த ஊரில் தூக்கம் கெட்டால் நரம்புக் கோளாறு என்பார்கள். தனியே பேசினால் கண்பட்டுவிட்டது என்று ஜூனிப்பர் தழையை எரித்துப் புகை போடுவார்கள். வீடெல்லாம் புகைந்த பிறகுதான் இவருடைய வேன்.

போன செவ்வாய்க்கிழமை பாத்மா ஏறினார். மகனுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது, மருத்துவமனையில் நண்பகலுக்குமேல் கொடுக்கமாட்டார்கள். அடுத்த நிறுத்தத்தில் உல்கான் ஏறி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

“ஞாயித்துக்கிழம உங்க பொண்ணுக்குத் தோடு போட வர்றோம், மறந்துடாதீங்க,” என்றார் உல்கான். மாப்பிள்ளையின் அம்மா. தோடு ஏறினால் கல்யாணம் நிச்சயம்.

“எங்க இவ்ளோ தூரம்?” என்று கேட்டார் பாத்மா.

“சந்தைக்கு. நீங்க?”

“நானும் சந்தைக்குத்தான்.”

பாலம் வந்தது. குரல் வரவில்லை. டயர் கடையும் போய்விட்டது. கலிபெக் அன்று கண்ணாடியில் பார்த்தார். பாத்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. மாதாமாதம் டயர் கடையில் இறங்குகிறவர் அவர் என்பது கலிபெக்குக்குத் தெரியும்.

மருத்துவமனை வாசலிலேயே வண்டியை நிறுத்தினார்.

“அஞ்சு நிமிஷம் பொறுத்துக்குங்க. எம் பொண்டாட்டிக்கு மனசுக்கு மாத்திரை வாங்கணும். உள்ள வேல இருக்கறவங்க கூடவே வரலாம்.”

பொய்யில்லை. பன்னிரண்டு வருடமாக அவரும் வேனைத் தள்ளி நிறுத்திவிட்டு டயர் பார்த்தவர்தான். அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார், காது சிவந்துவிட்டது.

பாத்மா பாதி எழுந்து, பக்கத்தில் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

அதைக் கவனித்த உல்கான் தொண்டையைக் கனைத்தார். “நானும் இறங்கணும் தம்பி. எங்க வீட்டுக்காரருக்கு வாங்கணும்.”

இறங்கியவர் நகரவில்லை. படியருகே திரும்பி நின்று, உள்ளே கையை நீட்டினார்.

“வாங்க சம்பந்தி.”