நூற்றைம்பது கிராம் சோறு

மானாம்பதியில் தேவயானியிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்காத பெண்கள் குறைவு. பத்தொன்பது வருடமாக வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுத் தைக்கிறாள். யார் உண்டாகியிருக்கிறாள், யார் காய்ச்சலில் படுத்து எழுந்தாள் என்பதெல்லாம் புருஷன்மாருக்குத் தெரியும் முன்பே அவளுடைய டேப்புக்குத் தெரிந்துவிடும்.

அவளுடைய ஓரகத்தி சுகிர்தா பக்கத்து வீடு. தேவயானியின் புருஷன் வெங்கடேசனும் அவர் தம்பி, சுகிர்தாவின் புருஷன் புருஷோத்தமனும் பாகம் பிரித்துக்கொண்டபோது ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுந்தது. பின்பக்கத் தோட்டம் மட்டும் பொதுவில் நின்றது. தேவயானி கல்யாணமாகி வந்தபோது ஊரே வாசலில் வந்து பார்த்தது. மூன்று வருடம் கழித்து சுகிர்தா வந்தாள். "பெரியவ மாதிரி வராது" என்று யாரோ சொன்னதைத் தேவயானி இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறாள்.

போன ஆடியில் உத்திரமேரூரில் நடந்த மருத்துவ முகாமுக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். சுகிர்தா எண்பத்தோரு கிலோ, தேவயானி எழுபத்தொன்பது. சுகிர்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை எழுதினார்கள். தேவயானிக்கு, "எல்லையில நிக்கிறீங்க, எடையைக் குறைங்க" என்று மட்டும் சொன்னார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் தேவயானிக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. இரண்டு கிலோ குறைவு, மாத்திரையும் இல்லை.

அடுத்த வாரம் சுகிர்தாவுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எடை மிஷின். தட்டை அதன்மேல் வைத்து பட்டனை அழுத்தினால் பூச்சியம் காட்டும். அப்புறம் சோற்றைப் போடப் போட எண் ஏறும். நூற்றைம்பது வந்ததும் சுகிர்தா கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். பொரியல் தனி எடை. சாயங்காலம் வேர்க்கடலை இருபது கிராம். ஊறுகாயைக்கூட விடுவதில்லை.

தோட்டத்துக் கதவு வழியாக இதைப் பார்த்த தேவயானி சிரித்தாள். "இன்னாடி இது, கோயிக்குத் தீனி அளக்குற மாதிரி அளந்துகினு கீற? கையால அள்ளிப் போட்டா தெரியாதா?"

"கைக்குத் தெரியலக்கா. நான் போடுற ஒரு கரண்டி இன்னா எடைன்னு பாத்தேன். கால் கிலோ கீது!" என்றாள் சுகிர்தா.

தேவயானியும் சும்மா இருக்கவில்லை. டீயில் சர்க்கரையை நிறுத்தினாள். ராத்திரிச் சோற்றை விட்டு தோசைக்கு மாறினாள். நான்கு தோசை ஐந்தானது. கணக்குப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. எடை மிஷின் வாங்கினால் சுகிர்தாவைப் பார்த்து வாங்கியதாகிவிடும் என்பதுதான் பெரிய தடை.

ஐப்பசியில் சுகிர்தா ஆறு ஜாக்கெட்டோடு வந்தாள். "புடிச்சிக் குடுக்கா, தொளதொளன்னு கீது." தேவயானி டேப் வைத்தாள். நாற்பத்திரண்டு இருந்த இடத்தில் நாற்பது. மார்கழியில் அதே ஆறு ஜாக்கெட் மறுபடி வந்தன. முப்பத்தெட்டரை. தையலைப் பிரித்துப் பிரித்து ஓரகத்தியை மெலிய வைப்பது தன் கைதான் என்று தேவயானிக்குத் தோன்றியது. அன்று ஊசி இரண்டு முறை ஒடிந்தது.

தெருப் பெண்கள் இப்போது ஜாக்கெட் கொடுக்க வந்தால், தேவயானியிடம் துணியைத் தந்துவிட்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். எத்தனை இட்லி, எவ்வளவு எண்ணெய் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நாள் வெங்கடேசன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "சுகிர்தா ஆளே மாறிப்போச்சி பாரு. நம்ம கல்யாணத்துல நீ இருந்த மாதிரி கீது."

தேவயானி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் உன்னைவிட அழகு என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். தன் பழைய உருவத்தையே எடுத்து இன்னொருத்திக்கு மாட்டிவிட்டாரே!

தையில் நாத்தனார் மகன் வசந்த்குமாருக்கு வாலாஜாபாத்தில் கல்யாணம். சுகிர்தா பட்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள். அளவு சரியாக முப்பத்தெட்டு. தேவயானி துண்டுச் சீட்டில் முப்பத்தெட்டு என்றுதான் எழுதினாள். ஆனால் வெட்டியது முப்பத்தாறரைக்கு. கத்திரி ஒரே ஓட்டமாகப் போனது. அதை அவளே பிற்பாடு நினைத்துப் பயந்தாள்.

போட்டுப் பார்க்க வந்த சுகிர்தாவுக்குக் கொக்கி எட்டவில்லை. இரண்டு விரல் இடைவெளி.

"இன்னாக்கா, பத்து நாளுக்குள்ள ஏறிட்டனா?"

"எங்க, கிட்ட வா." தேவயானி டேப்பின் அடியில் தன் இரண்டு விரலையும் வைத்துக்கொண்டு சுற்றினாள். "முப்பத்தொம்பதரை. பொங்கலுக்கு எதனா தின்னியா?"

சுகிர்தாவின் முகம் சுருங்கிப் போனது. "ஒரு கரண்டி சக்கரைப் பொங்கல். அதையும் எடை போட்டுத்தான்…" மாதம் ஒரு முறை மருந்துக் கடையில் ஏறி நின்று எடை பார்ப்பவள் அவள். அதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது, நடுவில் ஏற மாட்டாள். அதுவரை டேப்பைத்தான் நம்ப முடியும். "ஜாக்கெட்டைப் பிரிக்காதக்கா. கல்யாணத்துக்குள்ள நான் எறங்கிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குத் தேவயானி நிம்மதியாகச் சாப்பிட்டாள். மறுநாள் தோட்டத்தில் துணி உலர்த்தும்போது பார்த்தாள். தட்டில் சோறு நூற்றைம்பதுக்கு ஏறவில்லை. அறுபதிலேயே சுகிர்தா கரண்டியை வைத்துவிட்டாள். கடலை இல்லை. அதற்கடுத்த நாள் காலையில் இட்லியும் இல்லை. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கொல்லைக்கு வேலை செய்யப் போனாள். சொல்லிவிடலாமா என்று தேவயானிக்கு நாக்கு நுனிவரை வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள்தானே, வாடட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள் சுகிர்தா கொல்லையில் பம்பு மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறியது. ஆட்டோவில் தேவயானிதான் மடியில் போட்டுக்கொண்டு போனாள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில், சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தாள். நர்ஸ் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார்.

"நேத்து மத்தியானம் அறுபது கிராம் சோறு. எழுபது கிராம் கீரை. ராத்திரி நூறு மோர்." ஒரு கிராம் பிசகாமல் சொன்னாள். "ஒடம்பு ஏறிப்போச்சிங்க. அக்கா அளந்து பாத்துச்சி."

நர்ஸ் அவளைக் கட்டிலை விட்டு இறக்கி எடை பார்த்தார். அறுபத்தெட்டு, போன மாதத்தைவிடக் குறைவு. சுகிர்தா நம்பாமல் இன்னொரு முறை ஏறி நின்றாள்.

நர்ஸ் நகர்ந்ததும் தேவயானி கட்டிலோரம் உட்கார்ந்தாள். "நீ ஏறலடி. நான்தான் ஜாக்கெட்டைக் கொறைச்சி வெட்டினேன். டேப்புல வெரலு வெச்சேன்."

சுகிர்தா எழுந்து உட்கார்ந்தாள். "ஏங்கா?"

"வயிறு எரிஞ்சிச்சி. வேற ஒண்ணும் இல்ல."

"நான் உன்னண்டதான வந்து எல்லாத்தையும் காட்டுனேன். என் புருசனுக்குக்கூட முன்னாடி உனக்குத்தான காட்டுனேன்." சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெளியில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஆனால் பட்டு ஜாக்கெட்டை வாங்கிப்போய் உத்திரமேரூரில் வேறு தையல்காரரிடம் கொடுத்துத் துண்டு சேர்த்துச் சரிசெய்துகொண்டாள். கல்யாண மண்டபத்தில் அக்குளுக்குக் கீழே அந்த ஒட்டு அசிங்கமாகத் தெரிந்தது. அது தேவயானியின் கண்ணில் மட்டும்தான் பட்டிருக்கும். மற்றவர்கள் சுகிர்தாவைச் சுற்றி நின்று "இன்னா பண்ண, எப்பிடிப் பண்ண" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேவயானிக்கு அப்போதும் எரிந்தது. ஒட்டைப் பார்த்ததில் ஒரு துளி சந்தோஷமும் இருந்தது. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

மாசியில் தேவயானி ஒரு எடை மிஷின் வாங்கினாள். தெருவுக்கே தெரிய வாங்கினாள், யார் என்ன சொன்னாலும் சரி என்று. ஆனால் முதல் நாள் ராத்திரியே குழம்பிவிட்டாள். தோசையைச் சுட்டபின் எடை போட்டால் ஒவ்வொன்றும் ஒரு எண் காட்டியது. மறுநாள் தோட்டத்தில் சுகிர்தா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, அவள் முகத்தைப் பாராமல் கேட்டாள்: "தோசைய எப்பிடி எடை போடுறது?"

சுகிர்தா இரண்டு பாத்திரத்தைத் துலக்கிக் கவிழ்த்தாள். பிறகு, "மாவா கீறப்பவே போடணும். சுட்டா தண்ணி சுண்டிடும்" என்று வந்தது. முகாமுக்குப் போனபோது இருந்த குரல் அல்ல. ஆஸ்பத்திரிக் குரலும் அல்ல.

வைகாசிக்குள் தேவயானி எழுபத்துநாலுக்கு வந்தாள். சுகிர்தா அறுபத்தைந்து. ஜாக்கெட் மட்டும் இன்னும் உத்திரமேரூருக்குத்தான் போகிறது. அந்தக் கடைப் பையோடு அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, தேவயானி மிஷினை நிறுத்திவிட்டு அவள் கடந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள்.